அரசியை இழந்து வென்ற சிறுவன்



சதுரங்கம் வீண்பொழுது என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அதில் கற்கத்தக்கது யாதென, புகழ்பெற்ற ஓர் ஆட்டத்தின் வாயிலாக ஆராய்வோம்.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ரோசன்வால்டு நினைவுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. தேர்ந்த ஆட்டக்காரரான டொனால்டு பைர்ன் வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தார். எதிரே கறுப்புக் காய்களுடன் அமர்ந்தவன் பாபி ஃபிஷர் என்னும் 13 வயதுச் சிறுவன்.

அவன் ஆடிய தொடக்க முறைக்குக் 'கிரன்ஃபெல்டு தற்காப்பு' என்று பெயர். ஆஸ்திரிய நாட்டவரான எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்டு 1922இல் இதனைப் பெரும் போட்டிகளில் ஆடிக் காட்டினார். பலகையின் நடுப்பகுதியைக் காலாட்களால் கைப்பற்றுவதே நல்ல தொடக்கம் என்பது பழைய கொள்கை. இம்முறையிலோ, கறுப்பு ஆடுபவர் வெள்ளைக் காலாட்களை நடுவில் நிற்க விடுகிறார். தம் மந்திரியை ஓரத்தில் நிறுத்தி, நீண்ட மூலைவிட்டக் கட்டங்களின் வழியே நடுப்பகுதியைக் குறி வைக்கிறார். அரசனைக் கோட்டைக்குப் பின் ஒதுக்கிவிட்டு, தக்க வேளையில் தாக்குகிறார்.

பைர்ன் முதல் 12 நகர்வுகளுக்குள் அரசியை மட்டும் நான்கு முறை நகர்த்தினார். அவர் அரசன் காப்பின்றி நடுவிலேயே நின்றான். சிறுவன் அதனைக் கண்டுகொண்டான். 17ஆவது நகர்வில், வெட்டுப்படும் நிலையிலிருந்த தன் அரசியைக் காக்காமல், ஒரு மந்திரியை நகர்த்தினான்!

பைர்ன் அரசியை வெட்டினார். உடனே கறுப்பு மந்திரியும் குதிரையும் மாறி மாறிச் 'செக்' வைத்தன. வெள்ளை அரசன் இரண்டே கட்டங்களுக்கிடையில் அலைந்தான். இழந்த அரசிக்கு ஈடாக ஒரு கோட்டை, இரு மந்திரிகள், ஒரு காலாள் ஆகியன சிறுவனுக்குக் கிட்டின. வெள்ளை அரசியோ எட்ட நின்று உதவ இயலாது போனாள். 41ஆவது நகர்வில் வெள்ளை அரசன் சிறைப்பட்டான். 'நூற்றாண்டின் ஆட்டம்' என இதற்குப் பெயர் சூட்டினார் ஹான்ஸ் கிமோக் என்னும் சதுரங்க எழுத்தாளர்.

மாணவர்களே! தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்தோர் பலர். அவற்றின் காரணம் அறிந்தவனே புதிய நிலையிலும் வழி காண்பான். கணக்கும் இலக்கணமும் அவ்வாறே. அன்றியும், வலிய காய் ஒன்றைவிட ஒன்றுபட்ட சிறு காய்கள் வலியன. ஒற்றுமையின் பயனைத் தோட்ட மக்களாகிய நாம் நன்கறிவோம்.

பெற்றோர்களே! அப்போட்டியில் ஃபிஷருக்கு முதலிடம் கிட்டவில்லை. ஆயினும் 1972இல் அவர் உலக வெற்றியாளரானார். ஆகவே, பரிசில்லாமல் வீடு திரும்பும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆடிய ஆட்டத்தைப் பற்றி அவனிடம் அன்புடன் கேளுங்கள். சிந்திக்கும் பழக்கம் அங்கேதான் முளைவிடுகிறது.