துக்க ஆண்டில் பிறந்த கொண்டாட்டம்

1996 செப்டம்பரில் ராப்பர் டூபாக் ஷகூர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1997 மார்ச்சில் ராப்பர் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் கொல்லப்பட்டார். கலிஃபோர்னியா, நியூயார்க் என்று இரு முகாம்களாகப் பிரிந்து கிடந்த அமெரிக்க ஹிப்-ஹாப் உலகம் இழவு வீடாகிப்போனது. அதே ஆண்டு ஜூலையில், இரண்டு முகாமிலும் சேராத வர்ஜீனியாவிலிருந்து ஓர் ஆல்பம் வெளியானது: ‘சூப்பா டூப்பா ஃப்ளை’. அதில் வன்மம் இல்லை, வஞ்சினம் இல்லை. துள்ளலும் குறும்பும் நண்பர் கூட்டமும் இருந்தன. பாடியவர் 26 வயது மிஸ்ஸி எலியட்.

அவர் திடீரென்று முளைத்தவர் அல்லர். போர்ட்ஸ்மத் நகரில் பிறந்து, ‘சிஸ்டா’ என்ற பெண்கள் குழுவில் பாடியவர். அந்தக் குழுவின் ஆல்பம் 1994இல் கிடப்பில் போடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நேர்ந்தது இன்னும் கொடுமை. சிறுமி ரேவன்-சிமோனுக்காக மிஸ்ஸி ஒரு பாட்டு எழுதி, அதில் ராப்பும் செய்தார். வீடியோ வந்தபோது அவருடைய குரலுக்கு வாயசைத்தவர் ஒல்லியான வேறொரு பெண். குரல் வேண்டும், உடம்பு வேண்டாம் என்பதுதான் அன்றைய இசை வணிகத்தின் கணக்கு.

அதற்கான பதில் என்றுதான் ஆல்பத்தில் வந்த ‘தி ரெயின்’ பாட்டின் வீடியோவைப் பார்க்கத் தோன்றுகிறது. ஹைப் வில்லியம்ஸ் இயக்கியது. காற்றடைத்து ஊதிய பளபளக்கும் கறுப்பு உடை. மீன்கண் லென்ஸ் அந்த உருவத்தை இன்னும் பெருக்கிக் காட்டுகிறது. குறுகச் சொன்ன உலகத்தின் முன்னால் திரை கொள்ளாமல் நின்று ஆடினார் மிஸ்ஸி. பெண் ராப்பர் என்றால் ஆணைப் போல முறைக்க வேண்டும், இல்லையேல் மோகத்தைக் கிளற வேண்டும் என்ற இரண்டே வழிதான் என்று நினைத்தவர்களுக்கு, விளையாட்டும் ஒரு வழி என்று அவர் காட்டினார். என் கணிப்பில் அந்த ஆல்பத்தின் ஆகப் பெரிய சாதனை இதுதான்.

ஆல்பம் முழுவதற்கும் இசையமைத்தவர் இளவயது நண்பர் டிம்பலேண்ட். இருவரும் சேர்ந்து 1996இல் பாடகி ஆலியாவின் ‘ஒன் இன் எ மில்லியன்’ ஆல்பத்துக்குப் பாட்டுகள் தந்திருந்தார்கள். டிம்பலேண்டின் தாளம் நேராக நடக்காது. திக்கும், நிற்கும், எதிர்பாராத இடத்தில் மறுபடி விழும். அந்த இடைவெளிகளில்தான் மிஸ்ஸி புகுந்து விளையாடுகிறார். வண்டி உறுமுவதை வாயாலேயே செய்கிறார், சொல்லை இழுக்கிறார், சட்டென்று நிறுத்துகிறார். ‘தி ரெயின்’ பாட்டுக்கு அடித்தளம், மெம்ஃபிஸ் பாடகி ஆன் பீபிள்ஸ் 1973இல் பாடிய சோகப் பாட்டின் ஒரு துணுக்கு. பிரிவுத் துயரைப் பாடிய குரல் இங்கே ஆட்டத்துக்குத் துணையாகிறது.

இனி, கூடிப் பாடியவர்கள். ஆல்பத்தைத் தொடங்கிவைப்பதும் முடிவை நெருங்கும்போது மறுபடி வருவதும் ராப்பர் பஸ்டா ரைம்ஸ். ஜினுவைன், மகூ, ‘702’ குழு, ஆலியா, லில் கிம், டா பிராட் என்று வரிசை நீள்கிறது. பெரிய பெயர்களை உறையில் அச்சிட்டு விற்பனையைக் கூட்டும் தந்திரமாக இதைக் கொள்ள முடியாது. இவர்களில் பலர் மிஸ்ஸியும் டிம்பலேண்டும் முன்பே சேர்ந்து வேலை செய்த வட்டம். லில் கிம், கொல்லப்பட்ட பி.ஐ.ஜி.க்கு மிக நெருக்கமானவர். அந்த ஆண்டில் அவர் இங்கே வந்து பாடியதை வெறும் ‘கௌரவத் தோற்றம்’ என்று கடந்துபோக மனம் வரவில்லை. பெண் ராப்பர்களை ஒருவருக்கொருவர் போட்டியாகவே நிறுத்திப் பழகிய துறையில், மிஸ்ஸி அவர்களுக்குத் தன் ஆல்பத்திலேயே இடம் ஒதுக்கினார்.

பில்போர்டு 200 பட்டியலில் ஆல்பம் நேராக மூன்றாம் இடத்தில் நுழைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ‘கெட் யுர் ஃப்ரீக் ஆன்’ பாட்டில் மிஸ்ஸி-டிம்பலேண்ட் கூட்டணி பஞ்சாபின் தும்பி என்ற நரம்பு வாத்தியத்தையும் தபலாவையும் கொண்டுவந்து அமெரிக்க நடன அரங்குகளை ஆடவைத்தது. 2019இல் பாடலாசிரியர் புகழ் மண்டபத்திலும் 2023இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்திலும் மிஸ்ஸிக்கு இடம் கிடைத்தது. முதலாவதில் இடம்பெற்ற முதல் பெண் ராப்பர் அவர். இரண்டாவதில் முதல் பெண் ஹிப்-ஹாப் கலைஞர்.

‘சூப்பா டூப்பா ஃப்ளை’யைப் புதிதாகக் கேட்பவர்கள் அதிலுள்ள ‘சாக் இட் டு மீ’யில் தொடங்கலாம். ‘டெல்ஃபோனிக்ஸ்’ குழுவின் பழைய பாட்டிலிருந்து எடுத்த ஊதுகுழல் முழக்கத்தின் மேல் மிஸ்ஸி நிதானமாகப் பாடிக்கொண்டே வருவார். கடைசியில் டா பிராட் பாய்ந்து வந்து வேகத்தை இரட்டிப்பாக்குவார். ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.