படுத்தால் சரி, எழுந்தால் கிறுகிறுப்பு

1955-இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை இதழ் ஒன்றில், அடிசன் நோயுள்ள 37 வயது ஆண் ஒருவருக்குச் செய்த முதுகு ஆபரேஷனைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நோயாளியின் பெயர் இல்லை. அவர் ஜான் எஃப். கென்னடி என்பது பின்னாளில்தான் வெளியே தெரிந்தது. 1947-லேயே லண்டனில் அவருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1960 தேர்தல் சமயத்தில் அவர் தரப்பு அப்படி ஒன்றும் இல்லை என்றே சாதித்தது. தினமும் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டுதான் அவர் ஜனாதிபதியாக இருந்தார்.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் இந்த நோயை விவரித்தது 1855-இல். அவர் பார்த்தவர்களில் பலருக்கு அட்ரீனல் சுரப்பியைக் காசநோய் அரித்திருந்தது. மேலை நாடுகளில் இன்று பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குகிறது. இந்தியாவிலோ காசநோயும் சில பூஞ்சைத் தொற்றுகளும் இன்னும் காரணங்களின் பட்டியலில் இருக்கின்றன.

இந்த நோயில் கிறுகிறுப்பு ஏன் வருகிறது? எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி, இதயம் வேகம் கூட்டினால்தான் மூளைக்கு ரத்தம் குறையாமல் போகும். குழாய்கள் அப்படிச் சுருங்கக் கார்டிசால் வேண்டும். உடலில் உப்பைப் பிடித்துவைக்க ஆல்டோஸ்டிரோன் வேண்டும். இரண்டும் அட்ரீனல் தரும் ஹார்மோன்கள். ஆல்டோஸ்டிரோன் இல்லாவிட்டால் உப்பு சிறுநீரில் போகும், கூடவே தண்ணீரும் போகும். சோடியம் இறங்கி பொட்டாசியம் ஏறும். கட்டிலை விட்டு எழுந்தால் கண் இருட்டும். சிலருக்கு உப்பின் மேல் அடங்காத ஆசை வரும், ஊறுகாய்ச் சாற்றை வழித்துக் குடிக்கும் அளவுக்கு. ஈறு, உள்ளங்கை ரேகை, விரல் மூட்டு எல்லாம் கறுக்கும். நம் நிறத்தில் அது சட்டென்று கண்ணில் படாது. ‘வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டே’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதற்கான முதல் சோதனைக்குப் பைசா செலவில்லை. ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பார்க்க வேண்டும். எழுப்பி நிறுத்தி, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது பிரஷர் விழுகிறது என்று பொருள். கூட்டம் நெரியும் கிளினிக்குகளில் உட்காரவைத்து ஒருமுறை பார்ப்பதோடு சரி. பிரஷர் விழாமல், பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு மட்டும் 30-க்கு மேல் ஏறினால் அது ‘பாட்ஸ்’ என்னும் வேறு கோளாறாக இருக்கலாம். அதைவிட முக்கியம்: தலைசுற்றலோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அட்ரீனலில் எந்தக் குறையும் இருக்காது. பிரஷர் மாத்திரை, நீர்ச்சத்துக் குறைவு, சர்க்கரையால் கெட்ட நரம்பு ஆகியவையே அதிகம்.

சந்தேகம் தீராதவர்கள் அடுத்து லேபுக்குப் போகிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். கார்டிசால் விடியலில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். காலை எட்டு மணி வாக்கில் எடுத்த ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் கவலைப்பட வேண்டும். 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. மாலை நாலு மணிக்குக் கொடுத்துவிட்டு ‘கம்மியா இருக்கே’ என்று கலங்குவதில் அர்த்தமில்லை. இடைப்பட்ட அளவென்றால் சுரப்பியைத் தூண்டும் ஊசி போட்டு, அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி அளப்பார்கள். கருத்தடை மாத்திரை கார்டிசாலை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவருக்குச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். பெயர் தெரியாத பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

‘அட்ரீனல் களைப்பு’ என்று எச்சில் பரிசோதனையோடு விற்கப்படும் பேக்கேஜ்கள் வேறு இருக்கின்றன. அப்படியொரு நோயை ஹார்மோன் மருத்துவர்களின் சங்கங்கள் ஏற்கவில்லை. பணம் போவதைவிட, களைப்பின் உண்மைக் காரணம் தேடப்படாமல் போவதுதான் இதில் பெரிய நஷ்டம்.

அடிசன் நோய் உறுதியானவர்களுக்குப் பொதுவாக ஹைட்ரோகார்டிசோன், நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம். அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, பெரிய பங்கை எழுந்தவுடன் போடுவார்கள். உப்பைக் காக்க ஃப்ளூட்ரோகார்டிசோன். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொல்லியபடி அளவை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி உடனே தேவை. அதற்காகத்தான் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய அட்டையை எப்போதும் பர்ஸில் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.