மூட்டுத் தேய்வும் மூதாட்டியரும்

நுழையும்முன்

“வயதாகிவிட்டது, முழங்கால் வலிக்கத்தான் செய்யும்” என்று நம் வீட்டு மூதாட்டியர் சொல்லக் கேட்டிருப்போம். அவ்வலிக்கு முதுமை ஒன்றுதான் காரணமா? தாமிரபரணிக் கரைப் பெண்களின் உழைப்போடு இணைத்து அதற்கான விடையைக் காண்போம்.

உழைக்கும் கால்கள்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, கார், பிசானம் ஆகிய இரு பருவ நெல்லுக்கும் நீரூட்டுகிறது. அவ்வயல்களில் நாற்று நடுவோரும் களை எடுப்போரும் பெரும்பாலும் பெண்களே. பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதும், முக்கூடல், ஆலங்குளம் பகுதிகளில் பீடி சுற்றுவதும் அவர்களே. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றே கூலி. எழுந்து காலை நீட்டும் நேரமும் கூலியைக் குறைக்கும். ஆகவே, மடக்கிய கால் மடக்கியபடியே இருக்கிறது.

மூட்டில் நிகழ்வது என்ன?

மூட்டில் சேரும் எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை; எனவே, சிதைந்தால் எளிதில் சீராவதில்லை. அது மெலியும்போது எலும்பின் ஓரங்களில் முள்போன்ற வளர்ச்சிகள் தோன்றுகின்றன. வலியும் விறைப்பும் உண்டாகின்றன. இதுவே மூட்டுத் தேய்வு நோய்.

காரணங்கள்

முதுமை, மரபு, பெண்ணாய்ப் பிறத்தல் ஆகியவை மாற்ற இயலாத காரணங்கள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. உடற்பருமன், பழைய காயம், தொடைத்தசையின் வலுவின்மை, நெடுநேரம் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலை, பளு தூக்குதல் ஆகியவை பெரும்பாலும் மாற்றக்கூடியவை. நடக்கும்போது முழங்கால் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமையைத் தாங்குகிறது. ஆகவே, எடையில் சிறிது குறைந்தாலும் மூட்டுக்குப் பெரும் ஆறுதல்.

தெரியுமா?

உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் 60 விழுக்காட்டினர் பெண்கள்.

காக்கும் வழிகள்

வலிக்கு அஞ்சி அசையாதிருந்தால் தசை மெலியும். மெலிந்த தசை மூட்டைத் தாங்காது. வலி மேலும் பெருகும். நாற்காலியில் அமர்ந்து காலை மெல்ல நீட்டி மடக்கும் எளிய பயிற்சி தொடைத்தசையை வலுவாக்கும். வேலையின் இடையிடையே எழுந்து நடப்பதும், தரைக்குப் பதிலாக உயர்ந்த இருக்கையில் அமர்வதும் நன்மை தரும். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்வழி, தேவைப்படுவோருக்கு இயன்முறை மருத்துவம் வீட்டிற்கே வருகிறது.

மூதாட்டியரின் வலியை விதி என்று ஒதுக்காமல், அதன் காரணத்தைக் கேட்டறிவதே சிகிச்சையின் முதற்படி. அந்தக் கேள்வி நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்கட்டும்.