கேமரா எங்கே நின்றது?

ஒரே சாலை, ஒரே மேடு, ஒரே வானம். ஒரு படத்தில் பீரங்கிக் குண்டுகள் சாலையோரப் பள்ளத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. இன்னொன்றில் சாலை முழுக்க இறைந்து கிடக்கின்றன. கிரிமியப் போரின்போது, 1855 ஏப்ரலில், செவஸ்தபோல் நகருக்கு வெளியே ரோஜர் ஃபென்டன் என்ற பிரிட்டன் புகைப்படக் கலைஞர் கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி எடுத்த இரண்டு படங்கள் இவை. சாலையில் குண்டுகள் சிதறிக் கிடக்கும் படம்தான் 'மரண நிழலின் பள்ளத்தாக்கு' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது.

இரண்டில் எது முதலில் எடுக்கப்பட்டது? சாலையில் கிடந்த குண்டுகளை மறுபடி பயன்படுத்துவதற்காக வீரர்கள் பொறுக்கிக்கொண்டு போனார்களா, அல்லது படம் எடுப்பாக இருக்கட்டும் என்று யாரோ பள்ளத்திலிருந்து குண்டுகளை எடுத்துச் சாலையில் பரப்பினார்களா? போர் வரலாற்றைப் பள்ளியில் தொடங்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. விடையை மாணவர்களே ஒரு பாடவேளைக்குள் கண்டுபிடித்துவிடலாம்.

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸ் 2007-ல் இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு கிரிமியாவுக்கே போனார். நிழல்களின் நீளத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட முயன்றார். அதில் உறுதியான முடிவு கிடைக்கவில்லை. கடைசியில் துப்புக் கொடுத்தவை, யாரும் கவனிக்காத சின்னச் சின்னக் கற்கள். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால், சரிவில் இருந்த சில கற்கள் இடம் மாறியிருப்பது தெரிகிறது. சாலையில் குண்டுகள் இருக்கும் படத்தில் அவை கீழே தள்ளிக் கிடக்கின்றன. காலில் இடறிய கல் கீழ்நோக்கித்தான் உருளும். ஆகவே சாலை வெறுமையாக இருக்கும் படம்தான் முதலாவது; குண்டுகள் பிறகு வந்தவை.

இதற்குத் தேவைப்பட்ட தொழில்நுட்பம் மிக எளிது. இரு படங்களின் தெளிவான ஸ்கேன்களும், அவற்றை மாற்றி மாற்றிக் காட்ட ஒரு கணினியும் போதும். படங்கள் பொது உரிமைக்கு வந்துவிட்டவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலும் ஃபென்டனின் 263 படங்கள் இருக்கின்றன. நம் பாடப்புத்தகங்களில் விரைவுக் குறியீடு வந்தாயிற்று, அரசுப் பள்ளிகளிலும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. கருவிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் அந்தக் கருவியில் ஒரு காணொளியை ஓடவிட்டு, மாணவர்களைப் பார்க்கச் சொல்வதோடு பாடம் முடிந்துவிடுகிறது. படத்தைப் பார்ப்பதற்கும் படத்தை விசாரிப்பதற்கும் நடுவில்தான் வரலாற்றுக் கல்வி இருக்கிறது.

விசாரணையின் முதல் கேள்வி, படத்தில் என்ன இருக்கிறது என்பதல்ல. கேமரா எங்கே நின்றது, அதை அங்கே அனுப்பியது யார், அதனால் எதைப் பதிவு செய்ய முடியாமல் போனது என்பவையே. ஃபென்டன் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றில் ஒரு சண்டைக்காட்சி இல்லை, ஒரு பிணம் இல்லை. காரணத்தில் பாதி வேதியியல். அன்று கண்ணாடித் தகட்டில் கொல்லோடியன் கரைசலைப் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அதற்காக ஒரு குதிரை வண்டியையே இருட்டறையாக்கி உடன் கொண்டுபோயிருந்தார். ஒளி விழும் நேரமே பல விநாடிகள்; ஓடும் குதிரையும் பாயும் வீரனும் அதில் பதியவே மாட்டார்கள். மறு பாதி பணமும் செல்வாக்கும். மான்செஸ்டர் பதிப்பாளர் ஒருவர் விற்பனைக்காக அவரை அனுப்பினார். அரச குடும்பத்தின் ஆதரவும் இருந்தது. அதனால் அதிகாரிகள் கூடாரத்துக்கு முன் அமர்ந்திருக்கிறார்கள், துறைமுகத்தில் கப்பல்கள் நிற்கின்றன. அந்தப் போரில் பிரிட்டன் வீரர்கள் சண்டையில் இறந்ததைவிட நோயில் இறந்ததே அதிகம். அந்த மரணங்கள் அவருடைய படங்களில் இல்லை. வேதியியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து இந்தப் பாடத்தை நடத்தினால் இரண்டு பாடங்களுக்குமே லாபம்.

இந்தியாவுக்கு வந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக் தோட்ட மாளிகைக்குள் சிக்கிய சுமார் 2,000 கிளர்ச்சிச் சிப்பாய்களை பிரிட்டன் படை கொன்று குவித்தது. சில மாதங்கள் கழித்து அங்கே வந்த புகைப்படக் கலைஞர் ஃபெலிஸ் பியாட்டோ எடுத்த படத்தில், இடிந்த மாளிகையின் முற்றத்தில் மனித எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. அவை படத்துக்காகவே வெளியே எடுத்துப் பரப்பப்பட்டவை என்று அக்காலத்து பிரிட்டன் அதிகாரி ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். கிரிமியாவில் சொந்தப் படையின் பிணங்களைக் காட்டாத கண், லக்னோவில் எதிரியின் எலும்புகளைக் காட்சிப்பொருளாக்கியது. பிரிட்டனில் இதை வாங்கிப் பார்த்தவருக்கு இது வெற்றியின் அத்தாட்சி. நமக்கு இது எரிக்கப்படாமலும் புதைக்கப்படாமலும் விடப்பட்டவர்களின் சாட்சி. ஒரே படம் இருவருக்கு இருவேறு செய்தி சொல்வதை மாணவர்கள் இங்கே நேரடியாக உணர்வார்கள். ஒரு எச்சரிக்கை: இந்தப் படத்தைப் பத்தாம் வகுப்புக்குக் கீழே காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காட்டும் முன் என்ன பார்க்கப்போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். பார்க்க விரும்பாத பிள்ளைக்கு அதற்கு உரிமை உண்டு. இறந்தவர்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவது ஆசிரியர் யோசித்துச் செய்ய வேண்டிய செயல்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் 1863-ல் புகைப்படக் கலைஞர் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு ஒரே வீரனின் உடலை இரண்டு இடங்களில் வைத்துப் படமெடுத்ததும், ஃபென்டன் படத்தின் கற்களைப் போன்ற ஒரு துப்பால்தான் வெளிப்பட்டது. பாறைகளின் அமைப்பை இன்றைய களத்தோடு ஒப்பிட்டு, உடல் ஏறத்தாழ 40 கஜ தூரம் தூக்கிச் செல்லப்பட்டதை வரலாற்றாசிரியர் வில்லியம் ஃபிராசனிட்டோ 1975-ல் நிறுவினார். எடுத்த பிறகும் படம் மாற்றப்படுவதுண்டு: 1945 மே மாதம் பெர்லினில் ராய்க்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி பறக்கும், புகைப்படக் கலைஞர் யெவ்கேனி கல்தேயின் படத்தில், வீரர் ஒருவரின் கையிலிருந்த கூடுதல் கைக்கடிகாரம் அழிக்கப்பட்டது. கடிகாரம் கொள்ளைப்பொருள் என்று தோன்றிவிடக் கூடாது என்பது காரணம்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடமே முதல் உலகப்போர். அங்கே இந்திய வீரர்களின் படங்களைக் கொண்டுவர நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1914 டிசம்பரிலிருந்து இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனை இந்திய வீரர்களின் மருத்துவமனையாக இருந்தது. கண்ணைப் பறிக்கும் சரவிளக்குகளுக்குக் கீழே வரிசை வரிசையாகக் கட்டில்கள், அவற்றில் தலைப்பாகையோடு வீரர்கள். இந்தப் படங்கள் தபால் அட்டைகளாக விற்கப்பட்டன. ஆங்கிலம், குர்முகி, உருது மொழிகளில் கையேடும் அச்சானது. அரசர் தன் அரண்மனையையே கொடுத்திருக்கிறார் என்று இந்தியாவில் பேச வைப்பது நோக்கம். சிகிச்சை நன்றாக இருந்தது உண்மை. அங்கிருந்தவர்கள் விருப்பம்போல் ஊருக்குள் போய்வர முடியாது என்பதும் உண்மை. அது படத்தில் தெரியாது, கடிதத்தில் தெரியும். இந்திய வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்துச் சுருக்கி வைத்த கோப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வரலாற்றாசிரியர் டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1999-ல் நூலாக்கினார். ஒரு படம், ஒரு கடிதம் என்று ஜோடியாகக் கொடுத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று எழுதச் சொன்னால், பத்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்வதைவிட ஆழமாக அந்தப் போர் மாணவர் மனதில் இறங்கும்.

அசையும் படத்துக்கும் இதே விசாரணை பொருந்தும். 1916-ல் பிரிட்டனில் வெளியான 'பேட்டில் ஆஃப் தி சோம்' ஆவணப்படத்தைச் சில வாரங்களிலேயே கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அகழியிலிருந்து வீரர்கள் ஏறிப் பாயும் அதன் புகழ்பெற்ற காட்சி, பின்களத்துப் பயிற்சி முகாமில் எடுக்கப்பட்டது. அகழி ஆழமில்லை, வீரர்கள் போர்க்களத்துக்குரிய முழுச் சுமையைத் தூக்கியிருக்கவில்லை, எதிரி சுடும் இடத்தில் ஒளிப்பதிவாளர் அப்படி நின்றிருக்கவே முடியாது. படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் இந்த மூன்றையும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அதே படத்தில் காயம்பட்ட தோழனைத் தோளில் சுமந்து அகழி வழியே வரும் வீரனின் காட்சி அசலானது. ஒரு காட்சி நடிப்பு என்பதால் முழுப் படத்தையும் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கும்போதே, நம்பத் தக்கதை நம்பவும் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

வரைபடத்தில் தொழில்நுட்பம் செய்யும் உதவி மிகப் பெரிது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் முதல் உலகப்போரின் அகழி வரைபடங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்தி இணையத்தில் வைத்திருக்கிறது. பிரான்ஸின் நவ்-ஷப்பெல் கிராமத்தைத் தேடி, ஒளிபுகும் தன்மையைக் கூட்டிக் குறைத்தால், இன்றைய வயலின் மேல் 1915-ன் அகழிக்கோடுகள் எழுந்து வரும். அந்த ஆண்டு மார்ச் 10 முதல் 13 வரை இந்தியப் படைகள் அங்கே போரிட்டன. கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்குள்ள நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இரு தரப்பு அகழிகளுக்கும் இடையிலான தூரத்தைத் திரையில் அளந்து, அதே தூரத்தைப் பள்ளி மைதானத்தில் நடந்து பார்க்கலாம். எண்கள் கால்களுக்குப் புரிந்துவிடும்.

வண்ணமூட்டுவது வேறு விஷயம். திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2018-ல் 'தே ஷல் நாட் க்ரோ ஓல்டு' படத்தில் பிரிட்டனின் போர் அருங்காட்சியகத்தில் இருந்த முதல் உலகப்போர்ப் பதிவுகளுக்கு வண்ணமும் சீரான வேகமும் கொடுத்தார். உதட்டசைவைப் படிக்கும் நிபுணர்களை வைத்துப் பேச்சையும் சேர்த்தார். பிரிட்டனின் மேல்நிலைப் பள்ளிகளுக்கு அதன் பிரதி வழங்கப்பட்டது. துள்ளித் துள்ளி ஓடிய பொம்மைகள் திடீரென்று மனிதர்களாகிறார்கள். மாணவருக்கு அது பெரிய திறப்பு. என்றாலும் அந்த வண்ணம் ஆய்ந்து செய்த ஊகம். கைப்பேசிச் செயலி நொடியில் பூசும் வண்ணமோ ஆய்வே இல்லாத ஊகம். அதனால் வண்ணப் படத்தைக் காட்டினால் பக்கத்திலேயே கறுப்பு-வெள்ளை மூலத்தையும் காட்டியாக வேண்டும்.

எல்லை எங்கே மீறப்படும் என்பதற்குக் கம்போடியா சாட்சி. நோம்பென் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தை கெமர் ரூஜ் ஆட்சி சிறையாக்கியது; இன்று துவோல் ஸ்லெங் என்று அறியப்படுவது அதுதான். அங்கே கொல்லப்படவிருந்த கைதிகளை வரிசையாகப் படமெடுத்து வைத்தது. 2021 ஏப்ரலில் வைஸ் இணைய இதழ் அந்தப் படங்களை வண்ணமூட்டி வெளியிட்டது. சில முகங்களில் மூலத்தில் இல்லாத புன்னகை சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கம்போடிய அரசும் உயிரிழந்தோரின் குடும்பங்களும் கொதித்தெழ, கட்டுரை நீக்கப்பட்டது. சாவை எதிர்நோக்கி நின்றவர் முகத்தில் சிரிப்பை ஒட்டுவது கொடுமை. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் 'உலகப்போர் வீரர்' படங்களும் வகுப்பறைக்குள் வரவே கூடாது. கேமரா எங்கே நின்றது என்று கேட்டால் அங்கே பதிலே இல்லை.

தமிழ்நாட்டு ஆசிரியர் தொடங்க உள்ளூரிலேயே பொருள் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. உயர் நீதிமன்ற மதில் அருகே அதற்கான நினைவுக் கல் இருக்கிறது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே அடிபட்டுத் தரைதட்டிய எம்டனின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் யாரும் தேடலாம். இந்திய வீரர்கள் பலரின் பதிவில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் உண்டு. சேலம், வட ஆற்காடு என்று தட்டச்சு செய்து மாணவர்களைத் தேட விடலாம்.

தேடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆணையமே 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப்போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் மத்தியக் கிழக்கையும் சேர்ந்த சுமைதூக்கிகளும் படைவீரர்களும் அவர்கள். இந்தியர் பலருக்கும் தனிக் கல்லறைக்குப் பதிலாக, பொதுப் பதிவேட்டில் ஒரு வரி மட்டுமே கிடைத்தது. எனவே தன் ஊர்ப் பெயரைத் தேடி ஒன்றும் கிடைக்காத மாணவரிடம், இந்த ஊரிலிருந்து யாரும் போகவில்லை என்று எழுதச் சொல்லக் கூடாது. யார் பெயர் எழுதப்பட்டது, யார் பெயர் விடுபட்டது, ஏன் என்பதுதான் அவருக்கான அடுத்த வீட்டுப்பாடம்.