போனில் நம் குரல் எதிர்முனைக்கு ஏன் கேட்பதில்லை?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடுகளில் நூல் பிசிறு பறந்துகொண்டிருக்கும். போனின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு துளைக்குள் அது மெல்ல மெல்ல அடைந்துவிடும். பிறகு நாம் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிர்முனைக்குக் கேட்கும்.

ஏன்? அந்தத் துளைக்குப் பின்னால் சிலிக்கானில் செதுக்கிய மைக் இருக்கிறது. அதன் சவ்வின் தடிமன் சுமார் 1 மைக்ரான்தான். தலைமுடி அதைவிடப் பல பத்து மடங்கு தடிமன். குரலின் காற்றழுத்தம் சவ்வை அசைக்கும்போது, சவ்வுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் இடையிலான மின்தேக்குத்திறன் மாறுகிறது. அந்த மாற்றமே மின்சைகையாகிறது. துளை அடைபட்டால் அழுத்தம் சவ்வைச் சரியாக எட்டாது.

எப்படிச் சரிபார்ப்பது? கவரைக் கழற்றிவிட்டு, குரல் பதிவுச் செயலியில் பேசிக் கேளுங்கள். பதிவு தெளிவாக இருந்தால், அழைக்கும் செயலிக்கு மைக் அனுமதி உண்டா என்று பாருங்கள். பல போன்களில் ஸ்பீக்கரில் பேசும்போது மேல்பக்க மைக்கும் வேலை செய்யும். அப்போது மட்டும் குரல் தெளிவானால், கோளாறு அடிப்பக்க மைக்கில் இருக்க வாய்ப்பு அதிகம்.

உலர்ந்த, மென்மையான தூரிகையால் துளையின் மேற்பரப்பைத் துடையுங்கள். குண்டூசியால் குத்தவே கூடாது. சவ்வு கிழிந்தால் மைக்கையே மாற்ற வேண்டும். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும். நெசவு நேரத்தில் போனை மூடிய உறைக்குள் வைப்பதே நல்ல காப்பு.