கம்ப்யூட்டரில் ஆள்வாரிக் கணக்கு: சரிபார்த்த பின்பே பாக்கி கேட்போம்



சிட்டையும் பேரேடும் நமக்குப் புதிதல்ல. அன்றாட விற்பனையும் வரவும் நடந்த வரிசைப்படி சிட்டையில் ஏறும். இரவில் கணக்குப்பிள்ளை அமர்ந்து ஒவ்வொரு வரியையும் அவரவர் பேரேட்டுப் பக்கத்தில் பதிவார். சிட்டை, இன்று நடந்ததைச் சொல்லும். பேரேடு, யார் எவ்வளவு தரவேண்டும் என்பதைச் சொல்லும். சிட்டையிலிருந்து பேரேடு போடும் இந்த வேலையைத்தான் கம்ப்யூட்டர்க்காரர்கள் "குரூப் பை" என்கிறார்கள்.

நம் கடைக் கணக்கை உறவுக்காரத் தம்பி ஒருவர் பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற சாதனத்தைக் கொண்டு எழுதிக் கொடுத்தார். ஜாங்கோ, அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005இல் எல்லோருக்கும் இலவசமாக வெளிவந்தது. வாரியாகக் கூட்டும் வசதி 2009இல் சேர்ந்தது.

இதில் இரண்டு கட்டளைகளை நாம் அறிந்திருந்தால் போதும். "அக்ரிகேட்" என்றால் மொத்தத்துக்கும் ஒரே கூட்டுத்தொகை. "அன்னோடேட்" என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூட்டுத்தொகை. எதன் வாரியாக என்பதை "வேல்யூஸ்" என்ற கட்டளையில் முதலில் சொல்ல வேண்டும். சரக்கின் பெயரை அதில் கொடுத்து, பிறகு அன்னோடேட் எழுதினால் துவரம் பருப்பு இவ்வளவு, உளுந்து இவ்வளவு, புளி இவ்வளவு என்று வரும். வரிசையை மாற்றி எழுதினால் பில் வரிகள் சேராமல் தனித்தனியே நிற்கும். தேதிப்படி அடுக்கவும் சேர்த்துச் சொல்லிவிட்டால், ஒரே சரக்கு தேதிக்கொரு வரியாக உடைந்து போகும்.

இவை பார்த்தவுடன் தெரியும் பிழைகள். பார்த்தால் தெரியாத பிழை ஒன்று உண்டு. அதில்தான் நாம் அகப்பட்டோம்.

இருபது வருடமாக நம்மிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர். கம்ப்யூட்டர் அவர் பெயரில் 26,000 ரூபாய் பாக்கி காட்டியது. வசூலுக்குப் போன பையன் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். மறுநாள் அவர் சட்டைப்பை நோட்டுடன் வந்தார். "அண்ணாச்சி, நீங்களே கூட்டிப் பாருங்க" என்றார். 10,000, 8,000 என்று இரண்டு பில், மொத்தம் 18,000. கட்டியது 5,000, 5,000, 4,000, மொத்தம் 14,000. பாக்கி 4,000தான்.

எப்படி வந்தது 26,000? பில்லையும் வரவையும் ஒரே அன்னோடேட்டில் சேர்த்துக் கேட்டதுதான் தவறு. அப்படிக் கேட்டால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பில்லோடும் ஒவ்வொரு வரவையும் ஜோடி சேர்க்கிறது. இரண்டு பில், மூன்று வரவு, ஆக ஆறு வரிகள். ஒவ்வொரு பில்லும் மூன்று முறை ஏறி 54,000 ஆகிறது. ஒவ்வொரு வரவும் இரண்டு முறை ஏறி 28,000 ஆகிறது. கழித்தால் 26,000. கூட்டலில் பிழை இல்லை. கூட்டக் கொடுத்த வரிகளில்தான் பிழை.

தம்பி முதலில் "டிஸ்டிங்ட்" என்ற சொல்லைச் சேர்த்தார். அது இரட்டிப்பை நீக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரே தொகை இரண்டு முறை வந்தால் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். அவர் கட்டிய இரண்டு 5,000 ஒன்றாகி, பாக்கி 9,000 என்று காட்டியது. அதுவும் தவறு.

சரியான வழி நம் பழைய வழிதான். பில்லை ஆள்வாரியாகத் தனியே கூட்ட வேண்டும். வரவைத் தனியே கூட்ட வேண்டும். கடைசியில் கழிக்க வேண்டும். இதற்கென்றே "சப்கொயரி" என்ற வசதி 2017 முதல் ஜாங்கோவில் இருக்கிறது. இதிலும் ஒரு கவனம் வேண்டும். ஒரு பைசாவும் கட்டாதவருக்கு வரவு பூஜ்யம் என்று வராது, வெற்றிடமாக வரும். வெற்றிடத்தைக் கழித்தால் பாக்கியும் வெற்றிடமாகி, முழுப் பாக்கிக்காரர் கண்ணில் படாமல் போவார். வெற்றிடத்தைப் பூஜ்யமாக்க "கோயலெஸ்" என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

நிரல் எழுதத் தெரியாத நாமும் ஒன்று செய்யலாம். ஆள்வாரிப் பில் தொகைகளையெல்லாம் கூட்டி, பில் மொத்தத்தின் அக்ரிகேட்டோடு ஒப்பிடுங்கள். வரவுக்கும் அப்படியே. இரண்டும் நேர்பட்டால்தான் வசூல் பட்டியல் கடையை விட்டு வெளியே போக வேண்டும். பேரேட்டுக் காலத்தில் கணக்குப்பிள்ளை இதைச் செய்யாமல் வீட்டுக்குப் போனதில்லை.

நாம் அவர் கடைக்கே நேரில் சென்று, அதே நாலு பேர் முன்னால் வருத்தம் தெரிவித்தோம். அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் தவறான தொகையை ஒரு நொடியில் திருத்திவிடலாம். நாலு பேர் முன்னால் கேட்ட வார்த்தையைத் திருத்த முடியாது. ஆகவே முதலில் சரிபார்ப்போம். பிறகு பாக்கி கேட்போம்.