தோனி எத்தனையாவதாக இறங்கணும்?

எங்கள் நெட்டுக்குப்பத்தில் வலை பின்னும் இடத்தில் இரண்டே கட்சி: தோனி முன்னாடி இறங்கணும், கூடாது.

2025 மார்ச் 28, சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம். பெங்களூரு 196 ரன். அஸ்வினுக்கும் பிறகு ஒன்பதாவதாக வந்த தோனி, 16 பந்தில் 30 அடித்தார். சென்னை 50 ரன்னில் தோற்றது.

"முன்னாடியே வந்திருந்தா ஜெயிச்சிருப்போம்ணே!" என்றான் தம்பி.

தோனிக்கு அப்போது வயது 43, 2023-இல் முழங்கால் அறுவை சிகிச்சை. பத்து ஓவர் ஓடி ஆட முட்டி இடம் தராது என்று சென்னைப் பயிற்சியாளர் ஃபிளெமிங்கே பிறகு சொன்னார். 20 ஓவர் குனிந்து நிமிர்ந்து கீப்பிங் செய்தவர் வேறு. ஆனாலும் ஒன்பது ரொம்பக் கீழே. ஏழு சரி என்பது என் கட்சி.

அடுத்த ஆட்டம் குவாஹாட்டியில். ஏழாவதாகவே வந்தார், ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி.

தம்பி விடவில்லை: "அப்ப அஞ்சாவதுணே!"